வெந்நீரில் இறங்கிய சங்கிலி

ஒரு நகைப்பெட்டிக்குள்ளே ஒரு கவரிங் சங்கிலி குடியிருந்ததாம். உள்ளே முழுக்கச் செம்பு, மேலே பொன்பூச்சு. அதுவும் வியர்வை பட்டுப் பட்டு மெலிந்துபோன பூச்சு. ஆனால் கூட இருந்த தங்கத்தோட்டிடம், "நானும் அசல்தான்" என்று அது சொல்லி வைத்திருந்தது.

கல்யாணத்துக்குக் கிளம்புகிற நாளன்று, உதவுகிறேன் பேர்வழி என்று வீட்டுக்காரர் பூந்திக்கொட்டையை வெந்நீரில் கரைத்து, பழைய பிரஷ்ஷோடு பெட்டியைத் திறந்தார். சங்கிலிக்குக் குலை நடுங்கியது. தேய்த்தால் பூச்சு போகும். பூச்சு போனால் கல்யாணமும் போச்சு.

"ஏன்க்கா இப்படி நடுங்குறே?" என்றது தோடு. "ஏதாச்சும் இருந்தா சொல்லு. பஞ்சுக்கு அடியில தள்ளி விட்டுடறேன், அவர் கண்ணுல படமாட்டே."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தது சங்கிலி. ஆனால் மூலையில் மோதிரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"நடுக்கமா, எனக்கா? குளிக்கப்போற குஷிடி!"

பிரஷ் அழுத்தி அழுத்தித் தேய்த்தது. சங்கிலி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொண்டது.

துண்டில் உலரப் போட்டபோது அதன் கண்ணிகள் எல்லாம் செக்கச்செவேலென்று கிடந்தன. தோடு திகைத்துப்போனது.

"அக்கா..."

"என்னடி அப்படிப் பாக்குறே? வெந்நீர் கொஞ்சம் சூடு ஜாஸ்தி. அதான் சிவந்துபோச்சு."