கை நீட்டாத மாமன்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், என் கண்களே. நடுக்கடலில் நடந்த ஒரு கதை இருக்கிறது. ஒரு பாத்திரம் கஞ்சி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

"மாதாவாணையாட்டு சொல்லும் மாமா! இண்ணைக்கு என்னைத் தொடமாட்டேண்ணு சொல்லும்!"

காரோடு ஊரை அடுத்த கடற்கரையில், உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் மினுங்க, இடுப்பில் கைவைத்து நின்றாள் பிந்து. பத்தொன்பது வயது. எதிரே தலைகுனிந்து நின்றவர் அவளுடைய அம்மா லில்லிக்குட்டியின் அண்ணன் ராஜதாஸ். நாற்பது வருஷமாகக் கடலில் மீன் பிடித்து வாழும் மனுஷன்.

"தண்ணிக்கு மேல ஒரு தலை தெரிஞ்சா தூக்காம போறவன் கடல்காரனா மக்கா?" என்றார் அவர்.

"மூணு தடவ நீந்தும்போ வள்ளத்துல தூக்கிப் போட்டீரு! மொதத்தடவ ஆளு தெரியல்லேண்ணு சொன்னீரு. சரி. ரெண்டாமது?"

"அலை பெரிசாட்டு வந்து."

"மூணாமது?"

ராஜதாஸ் யோசித்துப் பார்த்தார். "கை தானாட்டு நீண்டு போச்சு பிள்ள."

மூன்று நீச்சல் தேர்வும் அப்படித்தான் பாழாய்ப் போயின. பத்து கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் நீந்த வேண்டும். இடையில் ஒரு மனிதக் கையோ கூட வரும் வள்ளப் படகோ அவள்மேல் பட்டால் அத்தோடு முடிந்தது. இன்று தேறினால் வங்காளத்தில் நடக்கும் பெரிய ஆற்று நீச்சல் போட்டிக்கு ரயில் ஏறலாம். தேறாவிட்டால் வீட்டில் புதுத் தையல் மெஷின் காத்திருக்கிறது. லில்லிக்குட்டி அதற்கு உறைகூடத் தைத்து வைத்துவிட்டாள்.

வேறு வள்ளத்தைத் துணைக்குக் கூப்பிட்டாலும் ராஜதாஸ் எங்கிருந்தாவது வந்து முளைத்துவிடுவார். அதனால் இந்தத் தடவை துணை வள்ளமே அவருடையதாக இருக்கட்டும், ஆள் கண்ணெதிரிலேயே கிடக்கட்டும் என்று பிந்துதான் முடிவு செய்தாள்.

"வள்ளமும் என்மேல படப்பிடாது. நான் கிட்ட வந்தா விலக்கிக் கொண்டு போவும். கேட்டீரா?"

"மாதாவாணை. ஆனா உனக்க சத்தம் கேட்டா எனக்க கை நிக்காது, பாத்துக்கோ." சொல்லிவிட்டு இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டார்.

நேரம் குறிக்க வந்தவர் திருவனந்தபுரம் மோகனன் சார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். நூறு போட்டி பார்த்தவராம். நூறும் குளத்தில் என்பது வள்ளம் முதல் அலையில் ஏறி இறங்கியதுமே தெரிந்துவிட்டது.

"எனிக்கு வய்யா ராஜதாஸே… கரைக்கு எப்போ போகும்?" என்று குமட்டல் தாங்காமல் விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கப்போட்டார்.

"ஆமா சார், நல்லாத்தான் நீந்துதா!" என்றார் காதில் பஞ்சோடு இருந்த ராஜதாஸ்.

எட்டு கிலோமீட்டர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை, வேகத்தைத் தவிர. மூன்று மணி நேரம் முடிய இன்னும் அரை மணிதான் பாக்கி. பிந்துவின் கைகள் ஈரச் சேலை போலக் கனத்து விழுந்தன. கை தானாக நீண்டுவிடுமோ என்று ராஜதாஸ் வலது கையை எஞ்சின் பிடியோடு துவர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் பிந்து தண்ணீரிலிருந்து ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள்.

அவருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. 'இந்தக் கஷ்டத்துலயும் மாமனை நெனைக்குதே பிள்ள!' இடது கையைத் தூக்கி அவரும் ஆட்டினார். அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் எழுந்து நின்று ஆட்டினார்.

சட்டென்று அவள் வள்ளத்தை நோக்கித் திரும்பினாள்.

"எட்டி! படப்பிடாது! மாதாவாணை!" பதறிப்போய் வள்ளத்தை விலக்கினார். அவள் விடவில்லை, தண்ணீரை வெட்டிக்கொண்டு வந்தாள். அவர் எஞ்சினை முடுக்கினார். அவள் வாயைத் திறந்து ஏதோ கூவினாள். எஞ்சின் இரைச்சலில் அது மோகனன் சார் காதிலும் விழவில்லை.

"பேசாத மக்கா, மூச்சு போவும்!"

முன்னால் வள்ளம், பின்னால் பிந்து. கரையிலிருந்து பார்த்தவர்கள், கயிறு கட்டி இழுத்தாற்போல வந்தாள் என்று பிறகு சொன்னார்கள். மோகனன் சார்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்து, "அம்மோ! எந்தொரு வேகம்!" என்று குமட்டலை மறந்தார்.

பிந்து கரை தொட்டபோது ஸ்டாப்வாட்ச் இரண்டு மணி நேரம் ஐம்பத்தெட்டு நிமிடம் காட்டியது. மணலில் தவழ்ந்து ஏறிய மோகனன் சார், 'கடைசி இரண்டு கிலோமீட்டர் அபாரம். அசாத்திய மன உறுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊரே ஆர்ப்பரித்தது. லில்லிக்குட்டி மெஷினை மறந்து கண்ணைத் துடைத்தாள்.

ராஜதாஸ் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். பிந்து அவரை நோக்கி ஓடி வந்தாள். அவர் இரண்டு கையையும் விரித்து, அழுதுகொண்டே கேட்டார்: "இப்பம் தொடலாமா மக்கா?"

இரண்டு கை நிறைய ஈர மணலை அள்ளி அவர் முகத்தில் அப்பினாள் பிந்து. "சொறிமீன் கூட்டத்துல மாட்டி உடம்பெல்லாம் தீயாட்டு எரியுது, வங்காளமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், தூக்கும் மாமாண்ணு ரெண்டு கையும் காட்டிக் கூவுதேன், நீரு டாட்டா காட்டிக்கொண்டு ரெண்டு கிலோமீட்டரு ஓட்டுதீரா ஓய்!"

இவ்வளவுதான் கதை, கண்களே. உங்கள் வீட்டில் யார் கை தூக்கினாலும், எதற்குத் தூக்கினார் என்று புரிகிற ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும். புரியாமல் போனாலும், அது இப்படி நல்லதிலேயே போய் முடியட்டும்.