நனைந்த நெருப்புப்பெட்டி

பலூன் விற்கும் அண்ணன் நிமலன் ஒரு காஸ் சிலிண்டரைத் தங்கை சுகிர்தாவின் சாமியறையில் இறக்கினான். வெயில் படாத அறை அதுதான் என்றான்.

"அம்மாவாணை, இது நெருப்புப் பத்தாத காஸ் பிள்ளை. திருவிழா முடிய எடுத்திடுவன்."

சுவரிலிருந்த, செத்துப்போன அம்மாவின் படத்தில் கை வைத்துத்தான் சொன்னான்.

அன்று மாலை விளக்கேற்றப் போனால் நெருப்புப்பெட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பங்குனி வெயிலில் கிணறே வற்றிக் கிடந்த நேரம். மறுநாள் புதுப்பெட்டியும் நனைந்தது. மூன்றாம் நாள், முற்றத்துக்கு அப்பாலிருந்த குசினி அடுப்படியிலிருந்து காய்ந்த பெட்டியைக் கொண்டுவந்தாள். சாமியறை வாசலைத் தாண்டியதும் அது கையிலேயே நனைந்தது. அம்மாவின் படத்தின் கீழே நிலமும் ஈரம்.

நாலாம் நாள் பலூன் நிரப்ப வந்த நிமலனின் கூட்டாளி, வால்வில் சவர்க்காரத் தண்ணி பூசிப் பார்த்தார். குமிழ் பொங்கியது.

"ஐயோ தங்கச்சி, இது ஹைட்ரஜன். கசியுது. ஒரு பொறி போதும், வீடே பறந்திடும். தன்ரை வீட்டிலை பிள்ளையள் இருக்கெண்டுதானே நிமலன் இங்கை கொண்டுவந்தவன்!"

சுகிர்தாவின் மகள் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவன்ரை சாமானை அவன்ரை வீட்டிலையே இறக்குங்கோ," என்றாள் சுகிர்தா.

கூட்டாளி சிலிண்டரை நிமலன் வீட்டுக்கு ஏற்றிப் போனபின், கதவு யன்னலெல்லாம் நாள் முழுக்கத் திறந்து கிடந்தன. மாலையில் நெருப்புப்பெட்டி காய்ந்திருந்தது. முதல் குச்சியிலேயே விளக்கு பற்றியது. மனம் கேளாமல் நிமலனின் மனைவிக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், உங்கடை நெருப்புப்பெட்டி நனைஞ்சு கிடக்கே?"

"இல்லையே, நல்லாக் காய்ஞ்சிருக்கு. இப்பதான் விளக்குக் கொளுத்தப் போறன்."