கீழுதட்டில் மூன்று புழு

வெர்னன் மூன்று புழுக்களைப் பொறுக்கிக் கீழுதட்டுக்குள் அடக்கிக்கொண்டான்.

பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த தம்பி கீத் அப்போதுதான் காலை வணக்கம் சொல்ல வாயெடுத்திருந்தான். எடுத்த வாயை மூடிக்கொண்டான்.

பதில் சொல்லாதவனை வாயில் கொழுக்கட்டையா என்று வேறு ஊர்களில் கேட்பார்கள். இந்தக் கால்வாய்க் கரையில் யாரும் கேட்பதில்லை. உறைபனி நாளில் டப்பாவில் கிடக்கும் புழு குச்சியாக விறைத்துவிடும். விறைத்த புழுவை மீன் சீண்டாது. அதனால் பழைய ஆட்கள் இரண்டு மூன்றை வாய்ச் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். வாயில் புழு இருப்பவன் பேசமாட்டான்.

பேசாமல் இருக்கத்தான் அண்ணன் இவ்வளவு சீக்கிரம் வைத்துக்கொண்டான் என்பது கீத்துக்குத் தெரியும்.

தூண்டில்காரர் சங்கம் போட்ட ஆறு வருடத் தடைக்குப் பிறகு வெர்னனுக்கு இது முதல் போட்டி. காலையில் பப்பில், யாருக்குக் கரையில் எந்த இடம் என்று துணிப்பைக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தார்கள். அவனுக்குப் பதினொன்று வந்தது, கீத்துக்குப் பன்னிரண்டு. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

பத்து மணிக்கு விசில் ஊதியது. கயிற்றில் கட்டிய இரும்பை வீசிப் பனிக்கட்டியை உடைத்து, கிடைத்த இடைவெளியில் ஆளுக்கொரு தக்கையை மிதக்கவிட்டார்கள். வெர்னன் விரல் நீளத்தில் இரண்டு மீன் எடுத்தான். பதினொன்றரைக்குத் தூண்டில் முள்ளில் புழு மாற்றி, புதிதாக மூன்றை உதட்டுக்குள் தள்ளிக்கொண்டான். அதன் பிறகு கால்வாயும் அசையவில்லை, அவனும் அசையவில்லை. தொப்பி, மஃப்ளர், முழங்கால்மேல் கிடத்திய தூண்டில் கழி.

கீத் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினான். குடிக்காமல் கீழே வைத்தான். இன்று சொல்லாவிட்டால் என்றைக்குமே சொல்லப்போவதில்லை என்று அவனுக்குப் பட்டது.

ஒரு மணிக்குச் சொல்லத் தொடங்கினான். சுற்றி வளைத்துத்தான். சின்ன வயதில் இதே இடத்தில் தண்ணீருக்குள் விழுந்ததை, அண்ணன் காலரைப் பிடித்து இழுத்ததை. எப்போதும் தான் இரண்டாவதாகவே வந்ததை. எதற்கும் பதில் இல்லை. கல்லுளிமங்கன், எழுந்தும் போகவில்லை. அதுவே பெரிய விஷயமாக இருந்தது கீத்துக்கு.

ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தக் கடைசிப் போட்டியைப் பற்றிச் சொல்ல வந்தபோது, ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். எடை போடத் தராசுத் தட்டில் கொட்டிய வெர்னனின் மீன்களில் பெரியது வாயைத் திறந்து ஈயக்குண்டைக் கக்கியதைக் கரையே பார்த்தது. அன்றோடு வெர்னனுக்குப் பப்பில் 'ஈயம்' என்றே பெயராகிவிட்டது. அவன் மனைவியின் அடக்கத்துக்குச் சங்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. கீத்தும் போகவில்லை. கோப்பை கீத் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

"அண்ணே, அந்தக் குண்டை மீன் தொண்டையில திணிச்சது நான்தான். நீ ஒண்ணுக்குப் போயிருந்தப்ப. ஜெயிக்கணும்னு பண்ணிட்டேன்."

வெர்னனின் தலை கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது.

கேட்டுவிட்டான். இத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது, அண்ணன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் ஈயக்குண்டு விவகாரத்துக்குப் பிறகு சங்கம் போட்ட விதி ஒன்று இருந்தது. முடிவு விசில் ஊதும்வரை அடுத்தவன் இடத்தின் எல்லைக் கோட்டுக்குள் கால் வைத்தால் இருவருமே போட்டிக்கு வெளியே. திரும்பி வந்த முதல் நாளே அண்ணனுக்கு அந்தக் கேடு தன்னால் வர வேண்டாம் என்று இருந்த இடத்திலேயே இருந்தான்.

திங்கட்கிழமை சங்கத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவதாகச் சொன்னான். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். மன்னிக்கக்கூட வேண்டாம், அந்தப் புழுவைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை திட்டினால் போதும் என்று கெஞ்சினான்.

இரண்டு மணிக்கு வெர்னனின் தக்கை முங்கியது.

எழும்பியது. மறுபடி முங்கி, பக்கவாட்டில் போனது. நல்ல மீன். ஐம்பது வருடத் தூண்டில்காரன், தூக்கத்திலும் கழியைச் சுண்டியிருப்பான்.

"அண்ணே, தக்கை."

கழி முழங்காலிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று. வெர்னன் அதைப் பார்த்தபடி இருந்தான்.

கீத் கோட்டைத் தாண்டினான்.

கன்னம் சில்லிட்டிருந்தது. முகத்தைத் தன் பக்கம் திருப்பியபோது கீழுதடு தொங்கி, மூன்று புழுவும் கீத்தின் உள்ளங்கையில் விழுந்தன.

குச்சி குச்சியாக விறைத்திருந்தன.

உயிருள்ள வாயில் புழு விறைக்காது. எந்தக் குளிரிலும் ஒரு வாய் இந்த அளவுக்கு ஆறிப்போக இரண்டு மணி நேரமாவது ஆகும். வாழ்நாளெல்லாம் புழுவைத் தொட்ட கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீத் பேசத் தொடங்கி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

ஒரு வார்த்தைகூட அண்ணன் காதில் விழவில்லை.

கீத் உள்ளங்கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய் ஊதினான். எதற்கென்று தெரியாமலே ஊதிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் மூன்றும் நெளியத் தொடங்கின.