துண்டுக்குள் ஃபண்டு

துண்டுக்குள் ரிஃபாத்தின் சுண்டுவிரலை ஒடிப்பதுபோல் முறுக்கினார் சுடலைக்கண்ணு. இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

"எத்தன மாடு அண்ணாச்சி?" என்றான் ஐந்தருவியில் சிப்ஸ் விற்கிறவன்.

"மாடு இல்லலே, ஃபண்டு. தள்ளி நில்லு!"

ரிஃபாத் சென்னை வேலையை விட்டுவிட்டுத் தென்காசியில் இ.டி.எஃப். என்னும் பங்குச்சந்தை ஃபண்டு கம்பெனி தொடங்கியவன். ஒரு யூனிட் வாங்கினால் ஐம்பது கம்பெனிப் பங்கிலும் துளித்துளி கிடைக்கும். நாளை சாயங்காலத்துக்குள் குறைந்தபட்சத் தொகை சேராவிட்டால், வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகில் ஆரம்பித்து மூன்று ரைஸ்மில் கட்டியவர் சுடலைக்கண்ணு. அவர் சரி என்றால் பஜாரே சரி என்னும். அதனால்தான் சாரலில் நனைந்துகொண்டு இங்கே வந்து, முதலில் நோட்டீஸை நீட்டினான் ரிஃபாத்.

சுடலைக்கண்ணு கண்ணாடியை மாட்டி மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதிலேயே சிப்ஸைக் கொட்டி மனைவி இராமலட்சுமியிடம் கொடுத்தார்.

"எந்த ஷேர வாங்கணும்னு பொறுக்குதது யாரு?"

"யாரும் பொறுக்க மாட்டோம் அண்ணாச்சி. பட்டியல்ல உள்ள அம்பதையும் வாங்கி வச்சிட்டுச் சும்மா இருப்போம்."

"சும்மா இருக்கதுக்குக் கூலியா? சரி, நமக்கு என்ன ரேட்டு?"

"எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான். நோட்டீஸ்ல..."

"அச்சடிச்ச வெல வெளியூர்க்காரனுக்குலே. துண்டுக்குள்ள கைய விடுதியா, இல்ல நான் குளிக்கப் போவட்டா?"

ரிஃபாத் ஒரு நொடி யோசித்தான். கையை விட்டான். அப்போதுதான் அந்த முறுக்கு.

வலியைக் காட்டாமல் அவர் கையை முழுதாக இரண்டு தடவை அமுக்கினான். நூறு ரூபாய்க்கு வருஷம் பத்துப் பைசா கூலி. அவர் இரண்டே விரலைத் தொட்டார். இவன் எட்டு என்றான். அவர் மூன்று.

"எம் பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டாமா அண்ணாச்சி?"

"ஒனக்கு இன்னும் கல்யாணமே ஆவலியேலே!"

இவன் ஏழுக்கு இறங்க, அவர் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஒத்துக்கொண்ட பிறகும் இன்னொரு விரலை மடக்கிப் பார்க்கிற மனிதர், இன்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

"முடிஞ்சுது. வெளிய மூச்சு விடப்படாது."

"விடுவனா!"

ரிஃபாத் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினான். அதற்குள் மூன்று வியாபாரிகள் ஆளுக்கொரு துண்டோடு காத்திருந்தார்கள்.

சிப்ஸ் தீர்ந்தது. எண்ணெய் ஊறிய நோட்டீஸை விரித்துப் படித்த இராமலட்சுமி பதறிப்போனாள்.

"என்னங்க! இதுலயே அஞ்சு பைசான்னுதான போட்டுருக்கு!"

"தெரியும்ட்டி," என்றார் சுடலைக்கண்ணு, துண்டை உதறித் தோளில் போட்டபடி. "வெல பேசத் தெரியாதவன நம்பி எப்படிப் பணத்தப் போட?"