கிளேர் மிஸ்

ஹனோயின் அந்த ஆங்கிலப் பள்ளியில் நாகர்கோவில் ஜெபமலரை எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. அவள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று பாடம் நடத்துவாள். பிள்ளைகள் பக்கம் சுவரில் தெரிவதோ கிளேர் என்ற இளம் வெள்ளைக்காரி. குரலும் கிளேருடையதுதான். ஜெபமலர் பேசுவதை எந்திரம் அப்படி மாற்றிவிடும், பள்ளிக்கு ஒவ்வாத சொல் வந்தால் அதையும் சேர்த்து. வருஷக்கணக்காக இப்படித்தான் பிழைப்பு ஓடியது.

அன்று வேலை கேட்டு ஒரு லண்டன்காரி வந்தாள். நரைத்த தலை, தொங்கிப்போன கன்னம். அவள் சிரித்ததும் ஜெபமலருக்கு அடையாளம் தெரிந்தது, அதே கிளேரின் சிரிப்பு. இளவயதில் அந்த முகத்தையும் குரலையும் பள்ளிக்கு விற்றவளே இவள்தான்.

அவளை மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் கெக்கலி கொட்டினார்கள். கிளேர் மிஸ் மாதிரி பேசப் பார்க்கிறாளாம், வரவே இல்லையாம்.

மேலாளர் சிலுவைதாசனும் நாகர்கோவில்காரர்தான். கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வேண்டாம்னு நீயே சொல்லிரு மக்களே."

"அவிய மொகத்த வச்சே அவியள வேண்டாம்னு சொல்லவா, அண்ணாச்சி?"

"பின்ன? ஒன் மூஞ்சிய வச்சு சொன்னா யாரு கேப்பா?"

ஜெபமலர் சொன்னாள். தன் இளமை முகமே தன்னைப் பார்த்துப் புன்னகைத்து வேலை இல்லை என்று சொல்வதை அந்தப் பெண்மணி கடைசிவரை கேட்டாள். பிறகு கண்ணாடியருகே வந்தாள்.

"உள்ளே இருப்பது யார்? உன் பெயரையாவது சொல்லேன்."

மேலாளர் கதவருகே நின்றதையும் பொருட்படுத்தாமல், "ஜெபமலர்" என்றாள் உரக்க.

சுவரில் அந்த அழகான உதடுகள் அசைந்தன.

"கிளேர்."