இரண்டு நொடி வசனம்

கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் சுகிர்தாவுக்கு அன்று ஒரே ஒரு வரி உயிரை வாங்கியது. தொப்பை போட்ட கார்ட்டூன் அப்பா, மனைவியின் பிறந்தநாளை மறந்துவிட்டு, கடைசிக் காட்சியில் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். திரையில் அந்த வரிக்கு இரண்டு நொடிதான். ‘என்னை மன்னித்துவிடு’ என்று எழுதினாள். நாடகத்தனமாக இருக்கிறது என்று சேனல்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். ‘ஸாரி’ என்றாள், தமிழில் வேண்டும் என்றார்கள். ‘தப்புதான்’ என்றாள், நம் ஊர் அப்பா இப்படிப் பேசுவாரா என்று கேட்டார்கள்.

எரிச்சலோடு திரும்பி, துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் ஜெபராஜிடம் கேட்டாள்.

“ஏங்க, எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா என்ன சொல்லுவீங்க?”

“நான் எதுக்குக் கேக்கணும்?”

“கேக்கணும்னு வச்சுக்கோங்களேன். இந்தச் சனியனை இன்னைக்கே அனுப்பணும்.”

அவன் ஒரு சட்டையை மடித்து முடிக்கும்வரை யோசித்தான். “சாப்டியான்னு கேப்பேன்.”

தலையில் அடித்துக்கொண்டே ‘சாப்பிட்டியா?’ என்று தட்டி அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில், பிரமாதம் என்று பதில் வந்தது.

அப்பாடா என்று லேப்டாப்பை மூடியபோதுதான் ஞாபகம் வந்தது. போன வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து ஜெபராஜ் மூன்று முறை போன் செய்து அதையேதான் கேட்டான்.