வீட்டுத் தூசி

"கையை நீட்டுங்க சார். ஊசியெல்லாம் இல்ல, லேசா ஒரு கீறல்தான்" என்றாள் நர்ஸ்.

சர்வேயர் கையை நீட்டாமல் கதவுப் பக்கம் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. அவர் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீட்டுங்க! தூசி ஒத்துக்காது, தூசி ஒத்துக்காதுன்னு கல்யாணமான நாள்லேருந்து துடைப்பத்தைத் தொட்டதில்ல. நாள் பூரா புழுதியில நின்னு நிலம் அளக்கறீங்க, அங்க ஒரு தும்மல் கிடையாது. வீட்டுல ஒட்டடைக் கம்பை எடுத்தா மட்டும் அச்சு அச்சுன்னு ஒரே கச்சேரி!"

"அது வெளித் தூசி. இது வீட்டுத் தூசி. ரெண்டும் வேற வேற" என்றார் சர்வேயர், வாய்க்கு வந்தபடி.

"அதைத்தான் இன்னைக்குப் பாத்துடுவோம். அலர்ஜி இல்லேன்னு வரட்டும், முன்னறை ரேடியோ அத்தனையையும் தினம் நீங்கதான் துடைக்கணும்."

பழைய ரேடியோ என்றால் அவருக்கு உயிர். எங்கே கண்டாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். முன்னறையில் கூரை வரை அடுக்கியிருந்தார். அதில் ஒன்றுகூடப் பாடாது. விருந்தாளிகள் உட்கார இடமில்லாமல் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். சேர்ப்பது அவர் வேலை, துடைப்பது அவள் வேலை என்று குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நர்ஸ் அவர் முன்கையில் பேனாவால் எண்களை எழுதினாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒவ்வொரு சொட்டாக வைத்துக்கொண்டே வந்தாள்.

"இது மகரந்தம். இது பூனை முடி. இது கரப்பான். இது ஹிஸ்டமின். இதை யாருக்கு வச்சாலும் தடிக்கும். டெஸ்ட் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு. கடைசியா வீட்டுத் தூசி..."

"இரும்மா, இரும்மா! யாருக்கு வச்சாலும் தடிக்குமா?"

"ஆமா சார்."

சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். "தாயே, தூசி நம்பர்லயும் அதையே ஒரு சொட்டு வச்சுடேன். என் மானமே உன் கையிலதான் இருக்கு."

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். காய்ச்சி எடுக்கப்போகிறாள் என்று அவர் பயந்தார். அவளோ மறுபேச்சில்லாமல் குப்பியை மாற்றி எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் தூசி நம்பர் கொசு கடித்ததுபோல் புசுபுசுவென்று தடித்தது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் சர்வேயர் அதைப் பார்த்துப் பூரித்தார்.

"வீட்டுத் தூசிதான்" என்றார், மனைவியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த டாக்டர். "அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்கும். வெளிப் புழுதியில அது அவ்வளவா இருக்காது."

"நான் சொன்னேன்ல!" தன் புளுகுக்குள் இவ்வளவு விஞ்ஞானம் இருக்கிறது என்பது சர்வேயருக்கே அப்போதுதான் தெரியும்.

"கிருமி வந்தா அதை அமுக்கறதுக்குத்தான் உடம்பு ஆன்டிபாடி தயார் பண்ணுது. ஒரு தடவை பாத்த கிருமியை அது லேசுல மறக்காது. அந்த ஆன்டிபாடியில ஒரு ரகம், சும்மா வர்ற தூசியைப் போய் எதிரின்னு நினைச்சுக்கும். ஹிஸ்டமினைக் கொட்ட வச்சு, தும்மல், தடிப்புன்னு ஊரைக் கூட்டும். இவருக்கு அதான்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது தெரியாம இவரைப் பொய்க்காரர்னு நினைச்சுட்டேனே!"

"விடு, விடு" என்றார் சர்வேயர் பெருந்தன்மையாக. "துடைப்பத்தை நான் தொடவே கூடாதில்ல டாக்டர்?"

"கூடவே கூடாது. அதோட, தூசி அடையற சாமான் எதுவும் வீட்டுல இருக்கக் கூடாது. அப்படி ஏதாவது இருக்கா?"

"கொஞ்சம் பழைய ரேடியோ இருக்கு" என்று இழுத்தாள் மனைவி.

"கொஞ்சம்னா?"

"கூரை வரைக்கும்."

"இன்னைக்கே எல்லாத்தையும் வெளியேத்துங்க."

சர்வேயர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "டாக்டர்... எனக்கு அவ்வளவு மோசமெல்லாம் இல்ல..."

"உங்க உயிரைவிட ரேடியோவா பெருசு?" என்ற மனைவி, பழைய சாமான் கடைக்காரருக்குப் போன் போட வெளியே ஓடினாள்.

சர்வேயர் நர்ஸிடம் ஓடினார். "அம்மா, நடந்ததை டாக்டர்கிட்ட சொல்லிடும்மா! நான் தினம் மூணு வேளையும் துடைக்கறேன். கூட்டறேன். பெருக்கறேன்!"

நர்ஸ் சங்கடத்தோடு கையைப் பிசைந்தாள்.

"எப்படி சார் சொல்றது? தூசி நம்பர்ல ஹிஸ்டமினையே வைக்கறேன்னு நேத்தே உங்க வீட்டம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டேனே!"